தண்ணி மேடம்

அவருக்குத் தண்ணி மேடம் என்று பெயர் வைத்தது நான்தான் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் வைக்கவில்லை. கீரைதான் வைத்தது.

அவர் குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கள்ளக்குறிச்சியில் ஒருவர் பெயருக்கு முன்னால் தண்ணி என்று வந்தால் ஜனங்கள் வேறு எதையும் யோசிப்பதில்லை.

ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தில் அவர் இங்கே வந்தார். கல்வராயன் மலையில் யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற மூலிகை, கீரை, கிழங்கு எல்லாவற்றையும் பறித்து வந்து, அவற்றில் உடம்புக்கு ஆகிற சத்து என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கச்சிராயபாளையம் ரோட்டில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளையும் பின்கட்டில் மின்சார உலையையும் வைத்தார்கள். திட்டத்துக்கு ஒரு பழைய அரசாங்க ஜீப் கொடுத்திருந்தார்கள். அந்த ஜீப்போடு சேர்த்து என்னையும் கொடுத்தார்கள்.

மூலிகை ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் ஊரில் பாதிப் பேர் வைத்தியர் ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு இலையைக் கிள்ளிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். தூதுவளை, முடக்கத்தான், மூக்கிரட்டை, தும்பை. தன் இலைதான் உலகத்திலேயே உசத்தி என்று ஒரு வார்த்தை அவர் வாயால் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு வேண்டியது.

மேடம் இலையை வாங்கித் தராசில் வைப்பார். சூட்டடுப்பில் காய வைப்பார். மறுநாள் திரும்ப நிறுப்பார். கை நிறையக் கொடுத்த கீரை ஒரு சிட்டிகைச் சருகாகக் கிடக்கும்.

"இதுல இன்னாங்க மேடம் இருக்கு?"

"தண்ணி."

"தண்ணிங்களா?"

"முக்காவாசிக்கு மேல தண்ணி. மிச்சத்தை எரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."

கேட்டவர் முகம் விழுந்துவிடும். "எங்க தாத்தா பாம்புக்கடிக்கே இத்தான் குடுத்தாரு" என்பார் ரோஷமாக.

"குடுத்திருக்கலாம். பாம்பு கடிச்சா என்ன ஆகும்னு நான் பாக்கல. தின்னா என்ன கிடைக்கும்னுதான் பாக்குறேன். மருந்து வேற, சத்து வேற."

இதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. நல்ல கீரைதான், பரவாயில்லை, போய் வாருங்கள் என்று சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா? தேயாது. ஆனால் சொல்ல மாட்டார்.

அவருக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. திருச்சிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, முகத்தில் பாதியை மறைக்கிற மூக்குக் கண்ணாடி, அமிலம் தெறித்துப் பொத்தல் விழுந்த புடவை. "மேடம், பொடவையில ஓட்டை" என்று யாராவது தயங்கித் தயங்கிச் சொன்னால், "ஆமா, பின்னாடி இன்னும் இருக்கு" என்பார். இருக்கிறதை இருக்கிறது என்பதும் இல்லாததை இல்லை என்பதும் நல்ல குணம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிற யாரும் அப்படி ஒரு ஆளுக்கு ஜீப் ஓட்டியதில்லை.

வந்த புதிதில் போலீஸ் வந்தது. கல்வராயன் மலை என்றால் போலீசுக்குக் கீரையா ஞாபகம் வரும்? சாராய ஊறல்தான் வரும். வாடகை வீட்டில் ஒரு பொம்பளை கண்ணாடிக் குழாய் வைத்து என்னவோ காய்ச்சுகிறாள், ஜன்னல் வழியாக ஆவி வருகிறது என்று எவனோ போய்ச் சொல்லியிருக்கிறான். பெயரும் தண்ணி மேடம். ஏட்டு ஒருவர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னாம்மா, இங்க காய்ச்சுறீங்களாமே?"

"ஆமா. தினமும்."

வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நான் துணியைக் கீழே போட்டேன்.

"எதுலம்மா காய்ச்சுறீங்க?"

"நேத்து ஆவாரம்பூ. இன்னிக்குப் பிரண்டை."

"பிரண்டையிலயா!" ஏட்டு அசந்துபோனார். அவர் சர்வீசில் அப்படி ஒரு சரக்கைக் கேள்விப்பட்டதில்லை.

இலையில் புரதம் எவ்வளவு என்று பார்க்க, அதை அமிலத்தில் கொதிக்க வைத்து, அப்புறம் அதிலிருந்து அம்மோனியாவை வடித்துப் பிடிப்பார்கள். மேடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கிவிட்டு, சந்தேகமிருந்தால் மோந்து பாருங்கள் என்று குடுவையை நீட்டினார். ஏட்டு, பழக்க தோஷம், நன்றாகக் குனிந்து மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு வாசல் குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "இத எவனும் குடிக்க மாட்டான்" என்று என்னிடம் தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஏறி ஓட்டுகிற நிலையில் அவர் இல்லை.

வீட்டுக்காரரின் கதை வேறு மாதிரி. அவர் சைவம். வீட்டைக் காட்டும்போதே, "தப்பா நெனச்சிக்காதீங்க, நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டார். மற்றவர்கள் என்றால் மழுப்புவார்கள், இல்லையென்றால் கோபித்துக்கொள்வார்கள். மேடம் நேராகச் சொல்லிவிட்டார். அதுதான் சிக்கலாகிவிட்டது. அவர் சொன்ன சாதி இந்தப் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத சாதி. மேலேயா கீழேயா, உள்ளே விடலாமா கூடாதா என்று புரியாமல் மனிதர் தவித்துப்போனார். கடைசியில் என்னிடம் வந்து விசாரித்தார். "ஜீப்புல முன்சீட்டுல உக்காருவாங்க" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி. மலையிலிருந்து முடவாட்டுக்கால் கிழங்கு வரவழைத்து சூப் வைத்துக் குடிப்பார். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற கிழங்கு அது. மேலெல்லாம் பழுப்பு முடி மூடி, அசப்பில் ஆட்டின் கால் மாதிரியே இருக்கும்.

"ஆட்டுக்கால்ல இருக்குற அத்தன சத்தும் இதுல இருக்கு மேடம். பாவம் பண்ணாம சாப்புடலாம்."

"அப்படியா? ரெண்டையும் பக்கத்துல வச்சு யாராவது பாத்திருக்காங்களா?"

யாரும் பார்த்ததில்லை. மறுநாள் காலையில் மேடம் அவர் எதிரில் போய் நின்று, "உங்க வீட்டுல இன்னிக்கு ஆட்டுக்கால் வேக வைக்கப் போறேன்" என்று அறிவித்தார். சொல்லாமல் செய்திருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. வீட்டுக்காரர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு சின்னசேலத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டார். நான் சந்தையில் கால் வாங்கி, முடி பொசுக்கிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்தபோது முடிவு காத்திருந்தது. கிழங்கில் இருப்பது மாவும் நாரும். புரதத்தில் அது ஆட்டுக்குக் கிட்டேயே வரவில்லை.

"அப்ப என் முட்டி வலி கொறஞ்சது பொய்யா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் கிழங்கைத்தான் அளந்தேன். உங்க முட்டிய அளக்கல."

என் வீட்டிலும் ஒரு தடவை சாப்பிட வந்தார். என் மனைவி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். "கொழம்பு எப்டிங்க கீது?" என்று ஆசையாகக் கேட்டாள். "உப்பு ஜாஸ்தி. புளி கம்மி" என்றார் மேடம், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி இலையை நகர்த்திக்கொண்டே. அவர் போனதும் இவள் பாத்திரங்களை உடைக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இவள் என் பக்கம் திரும்பினாள். "இத்தினி வருசமா நல்லா கீது, நல்லா கீதுன்னு சொல்லிக்கினு இருந்தியே, என்ன ஏமாத்திக்கினுதான இருந்த?" அந்தக் குழம்பிலிருந்து தொடங்கி, கல்யாணத்துக்கு முன்னால் நான் சொன்னவை வரை எல்லாவற்றையும் அவள் அன்றைக்கு மறுபரிசீலனை செய்தாள்.

இப்படிப்பட்ட மனுஷியை ஜீப்பில் வைத்துக்கொண்டு நான் ஒரு சாலை மறியலைத் தாண்ட வேண்டி வந்தது.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள். எங்கள் ஜனங்களுக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று வடக்கு ஜில்லாக்கள் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தன. என் மனைவியின் தம்பி, கச்சிராயபாளையம் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தவன், அதில் முன்னால் நின்றான். பத்தாவது பாஸ் செய்துவிட்டு எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைத்தவன். புதுப்பித்துப் புதுப்பித்து அட்டை நைந்ததுதான் மிச்சம். எழுதிப் போட்ட எந்த ஆபீசிலிருந்தும் பதில் வந்ததில்லை. "வேல குடுக்காட்டி போறான் மாமா. உனுக்கு இல்லடான்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா? நாம எழுதுறத எவனாச்சும் பிரிச்சாவது பாக்குறானா?" என்று என்னிடம் கேட்பான். நானே தினக்கூலி டிரைவர்.

மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் மேடம் மலைக்குக் கிளம்பினார். நாளைக்கு எல்லா ரோட்டையும் மறித்துவிடுவார்கள், திரும்பி வர முடியாது என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"போராட்டம் முடியற வரைக்கும் கீரை பூக்காம இருக்குமா டிரைவர்?"

பூத்தால் முற்றிவிடும். முற்றினால் அடுத்த பருவம். கிளம்பினோம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊரில் தங்கி, மறுநாள் விடிந்ததும் சாமைக் காட்டு ஓரமாகத் தானாக முளைத்திருந்த பண்ணைக்கீரை பறித்தோம். பறித்ததை ஈரச் சாக்கில் சுற்றினார். கீரையில் இருக்கிற வைட்டமின் சி பறித்த நேரத்திலிருந்து குறைந்துகொண்டே போகுமாம். அன்றைக்கே கீழே கொண்டுபோய்ப் பார்த்தால்தான் உண்டு.

அங்கேதான் அந்தப் பெண் எதிர்ப்பட்டாள். கைக்குழந்தையை முதுகில் தூளி கட்டிக்கொண்டு அவளும் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். கொஞ்ச தூரம் நடப்பாள், உட்காருவாள், எழுந்திருப்பாள், திரும்ப உட்காருவாள். வாய் மட்டும் உட்காரவே இல்லை.

"எங்க கீரைய எட்த்தும்போய் எரிக்கிறீங்களாமே? நாங்க வேவ வச்சித் துன்றோம். உங்களுக்கு எரிச்சாதான் எறங்குமா?"

மேடம் சிரிக்கவில்லை. கிட்டப் போய், கேட்காமல் கொள்ளாமல் அவள் கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் சிவப்பே இல்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது.

"தினமும் இந்தக் கீரைதான் சாப்பிடறீங்களா?"

"புள்ள பொறந்ததுலேந்து இத்தான். பத்தியம். சோறு, கீர ரசம். வேற எதியும் வாயில வைக்க வுட மாட்டாங்க."

"இந்தக் கீரையில இரும்புச் சத்து நிறைய இருக்கு. நானே அளந்திருக்கேன். உங்க ரத்தத்துல இல்ல."

"அப்ப எங்கம்மா போச்சு அது? வழியில எவனாச்சும் திருடிக்கினானா?"

மேடம் கையிலிருந்த கீரையைப் பார்த்தார். பிறகு சொன்னார். கீரையில் இருக்கிற இரும்பு அத்தனையும் உடம்பில் ஒட்டாது. நெல்லிக்காய் மாதிரி ஏதாவது புளிப்பு சேர்த்துத் தின்றால் இன்னும் கொஞ்சம் ஒட்டும். ஆனால் பிரசவத்தில் போன ரத்தத்துக்கு இது எதுவும் காணாது. "நான் டாக்டர் இல்ல. ஆனா நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஜீப் இருக்கு, ஏறுங்க." அவள் புருஷன் காட்டிலிருந்து ஓடி வந்தான். பிள்ளையோடு மூன்று பேரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள்.

மலையை விட்டு இறங்கும்போது மேடம் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "இத்தனை நாளா இலையில என்ன இருக்குன்னு மட்டும்தான் பாத்திருக்கேன் டிரைவர். தின்னவங்களுக்குப் போய்ச் சேந்துச்சான்னு பாக்கல."

அடிவாரத்து அணையைத் தாண்டி, கச்சிராயபாளையத்தையும் தாண்டியதும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரம் விழுந்து கிடந்தது. தானாக விழவில்லை. அடிமரத்தின் வெட்டு இன்னும் ஈரமாக இருந்தது. ஏகப்பட்ட ஆட்கள் கூடியிருந்தார்கள். கையில் அரிவாளும் கோடாலியும். மரத்தின் மேல் கைலியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு நின்றவன் என் மச்சான்.

"இன்னா மாமா, இன்னிக்குப் போய் ஜீப்ப எட்த்துக்கினு வந்துட்ட? அதுவும் கவர்மெண்டு ஜீப்பு. பசங்க கொளுத்திடுவானுங்க."

"டாக்டரம்மா ஜீப்புடா மச்சான். உள்ள நோயாளி இருக்குது" என்றேன். எனக்குப் பொய் சரளமாக வரும்.

"டாக்டர் இல்லீங்க" என்றார் மேடம் இறங்கி வந்து. "கீரை ஆராய்ச்சி."

கூட்டம் சிரித்தது. "கீரைக்கா வழி வுடச் சொல்ற?" என்றான் ஒருவன். நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டேன்.

மச்சான் எட்டி ஜீப்புக்குள் பார்த்தான். அவனும் பிள்ளைகுட்டிக்காரன். குரல் இறங்கியது. "இதப் பாருங்கம்மா. உசுரு போற கேசுன்னா வுடறதுன்னு எங்களுக்குள்ள ஒரு முடிவு. வேற எதுக்கும் கெடையாது. ஒருத்தர வுட்டா எல்லாரும் கேப்பாங்க. நீங்க சொல்லுங்க. இந்தம்மா உசுருக்கு ஆபத்தா?"

ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்று தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"இன்னிக்கு இல்ல" என்றார் மேடம். "ஒரு வாரம் தாங்கும்னு நினைக்கிறேன். அதுக்கு மேல விடக் கூடாது."

"அப்ப ஒரு வாரம் கயிச்சி வா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பவும் சிரிப்பு.

நான் கீழே இறங்கி அவர் காதோரம் போனேன். "மேடம், ஆபத்துன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. புண்ணியமா போவும்."

"எனக்குத் தெரியாததை எப்படிச் சொல்றது?"

அப்போது ஜீப்புக்குள்ளிருந்து அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "டிரைவரண்ணே, நான் வுழுந்தா வழி வுடுவாங்களா?" மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மேடம் என் பக்கத்தில்தான் நின்றார்.

பிள்ளையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு அவள் கீழே இறங்கினாள். இரண்டு எட்டு வைத்தாள். கண் செருக, வேரோடு சாய்கிற வாழை மாதிரி ரோட்டில் விழுந்தாள். புருஷன் கத்தினான். பிள்ளை அலறியது. கூட்டம் ஓடி வந்து சுற்றி நின்றது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

"இன்னாம்மா ஆச்சு இதுக்கு?" மச்சான் மரத்திலிருந்து குதித்து வந்து மேடத்தைக் கேட்டான். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சும்மா நின்றாலே போதும், தாயே.

"நடிக்கிறாங்க" என்றார் மேடம்.

கிளம்பியது பாருங்கள் கூச்சல்.

"ஏம்மா, நீ பொம்பளதானா?"

"பச்சப் புள்ளக்காரி ரோட்டுல கெடக்குறா, நடிப்புன்ற?"

"படிச்ச திமுரு! மலக்காரின்னா உசுரு இல்லியா?"

"இதுங்க கையிலதான்டா நாடு கீது, நமக்கு எப்டிடா வெளங்கும்?"

மச்சானுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "டேய், வெட்டுங்கடா கெளைய!" என்று கத்தினான். வழிவிடக் கூடாது என்று நின்ற அத்தனை பேரும் வழி பண்ணுவதற்குப் பாய்ந்தார்கள். அடிமரத்தை அசைக்க முடியவில்லை. ரோட்டோரப் பள்ளத்தில் கிளைகளை வெட்டிப் போட்டு நிரப்பி, அறுவடையான கரும்புக் கொல்லை வழியாக ஜீப்பைத் தூக்காத குறையாகத் தள்ளி மறுபக்கம் ஏற்றினார்கள். அவளை இரண்டு பேர் பூ மாதிரி தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். மச்சான் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டான். வழியில் குறுக்கே வெட்டிப் போட்டிருந்த ஒவ்வொரு மரத்தடியிலும், "உசுரு போற கேசு, வுடுங்கடா!" என்று கத்திக்கொண்டே வந்தான். கையோடு, "இந்தக் கண்ணாடிக்காரம்மா நடிப்புன்னுதுடா" என்று கதையையும் சொன்னான். கள்ளக்குறிச்சி போய்ச் சேர்வதற்குள் மேடம் ஊருக்கு ஊர் திட்டு வாங்கினார். ஈரச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வேண்டுமென்றே அப்படிச் சொல்லிக் கூட்டத்தைத் தூண்டிவிட்டாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மச்சான் இறங்கிப் போனதும் கேட்டே விட்டேன்.

"இல்ல டிரைவர். அவங்க உங்ககிட்ட கேட்டது என் காதுல விழுந்துச்சு. நடிக்கிறாங்கன்னு நினைச்சேன். சொன்னேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். "இவ்ளோ கம்மியா ரத்தத்த வச்சுக்கிட்டு இவங்க எப்படி நின்னாங்கன்னே தெரியல. ரோட்டுல விழுந்தாங்கன்னு சொல்றீங்க, விழாம இருந்திருந்தாதான் அதிசயம். இன்னும் ரெண்டு மூணு நாள் விட்டிருந்தா என்னால எதுவும் சொல்ல முடியாது."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பக் கழற்றித் துடைத்தார். ஆய்வகத்துக்கு வந்து சாக்கைப் பிரித்தபோது கீரை வெந்தது மாதிரி துவண்டு கிடந்தது. அதை அளந்து பிரயோஜனமில்லை. பின்கட்டில் கொட்டினார்.

அடுத்த வருஷம் திட்டம் முடிந்தது. குடுவைகளைப் பெட்டியில் அடுக்கினார்கள், ஜீப்பை ஏலம் விட்டார்கள், மேடம் சின்னசேலத்தில் ரயிலேறிப் போனார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்பதே தெரியாது. அவர் பேச்சை எடுத்தால் வீட்டுக்காரர் ஆட்டுக்காலைச் சொல்வார், என் மனைவி உப்பைச் சொல்வாள். எனக்கு ஞாபகம் வருவது ஆஸ்பத்திரிக்கு அடுத்த நாள்தான்.

அன்றைக்குக் காலையில் இரண்டு பேரும் அவளைப் பார்க்கப் போனோம். புருஷன் கொடுத்த ரத்தம் ஏறி முடிந்திருந்தது. மேடம் கட்டிலருகே நின்றார். ஸ்டூலில்கூட உட்காரவில்லை.

"நேத்து நான் நடிப்புன்னு சொன்னேன். தப்பு. நீங்க நிஜமாவே மயங்கி விழுந்திருக்கீங்க."

அந்தப் பெண் சிரித்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. "இல்லம்மா. நீங்க சொன்னது மெய்தான். நடிச்சிக்கினுதான் வுழுந்தேன். வுழும்போதே கண்ணு இருட்டிக்கினு வந்துச்சி. அப்பறம் ஒண்ணும் தெரியல."

மேடத்துக்கு இது போதவில்லை. குனிந்து கேட்டார், ரொம்ப அக்கறையாக. "அப்ப எவ்வளவு நடிப்பு, எவ்வளவு மயக்கம்? சுமாரா சொல்லுங்களேன்."

"அத வுழுறவ அளந்துக்கினா வுழுவா?" என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேடம் சிரிக்கவில்லை, யோசித்தார். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், "மறியல் நடக்கிற இடத்துக்குப் போகணும்" என்றார்.

"எதுக்கு மேடம்?"

"அத்தனை பேர் முன்னாடி நடிக்கிறாங்கன்னு சொன்னேன்ல. பாதி தப்பு. சொல்லணும்."

ஜீப்பை எடுக்க மாட்டேன் என்றேன். நேற்றுத் திட்டியவர்கள் இன்றைக்குக் கொளுத்துவார்கள் என்றேன். "சரி, நடந்து போகலாம்" என்று குடையை விரித்துவிட்டார். தனியாக அனுப்பினால் வீட்டில் இவள் என்னைச் சும்மா விட மாட்டாள். கூட நடந்தேன்.

பஸ் இல்லை, லாரி இல்லை, மாட்டுவண்டிகூட இல்லை. அந்த ரோட்டை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. வழியில் ஏறித் தாண்ட வேண்டிய மரங்களில் எல்லாம் புடவையைச் செருகிக்கொண்டு அவரே ஏறி இறங்கினார். அந்தப் புளியமரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ரோட்டு ஓரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தன் கையில் கொள்ளிக்கட்டை இருந்தது. அடுப்பு எரிக்க எடுத்ததுதான். இருந்தாலும் நான் மேடத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

மேடம் குடையை மடக்கினார்.

"நேத்து அந்தம்மா நடிக்கிறாங்கன்னு நான் சொன்னேன். நீங்க இல்லன்னு சொன்னீங்க. ஆஸ்பத்திரியில பாத்துட்டாங்க. நான் சொன்னது பாதி தப்பு, நிஜமாவே மயங்கிட்டாங்க. ஒரு வாரம் தாங்கும்னு சொன்னேன். அதுவும் தப்பு. நீங்க வழி விட்டதாலதான் பிழைச்சாங்க. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

என் மச்சான் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "இத சொல்லவா அங்கேந்து நடந்து வந்தீங்க?"

"ஆமா."

"நல்லாகீதா அந்தம்மா?"

"ரத்தம் ஏத்தியிருக்காங்க. பேசறாங்க. என்னைக் கிண்டல் பண்றாங்க."

மச்சான் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி இரண்டு கையையும் தூக்கினான். "கேட்டுக்குங்கடா! கவர்மெண்டே நடந்து வந்து தப்புன்னு ஒத்துக்குது!"

ஒரே விசில். ஒரே கூச்சல். ஒருத்தன் சட்டியைத் தட்டினான். மேடம் சத்தம் அடங்குகிற வரை காத்திருந்தார்.

"கவர்மெண்ட் இல்லீங்க" என்றார். "நான் மட்டும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. மச்சான் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்த கைலியை அவிழ்த்துக் கணுக்கால் வரை இறக்கிவிட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அடிமரத்தில் ஒரு இடத்தைத் தட்டித் துடைத்தான்.

"உக்காருங்கம்மா," என்றான். "சாப்ட்டு போலாம்."